பேர் சொல்லாத மருமகள்

"மறுபடியும் 'தபால்காரத் தம்பி'யா? புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

நாஸிரா டீச்சர் கேட்டதும் ஜிபார் வாசிப்பதை நிறுத்தினாள்.

"இல்லைக்கா. அவன் பேரு போட்டிருக்கு."

"அப்ப அதைப் படி."

"அது எங்க மாமனார் பேருக்கா. நான் எப்படிச் சொல்றது?"

வாசகர் வட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கள் நாரின் நகர நூலகத்தில் அந்த நாவலுக்கு இருப்பது ஒரே பிரதி. அதனால் புதன்கிழமைதோறும் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்போம். சந்தையில் ரொட்டி விற்கும் ஜிபார், பக்கத்து அறையில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்தவள். வழி தவறி எங்கள் அறைக்குள் நுழைந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குரல் கணீரென்று இருக்கும். நூலகரான நான்தான் வாசிக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன்.

"விண்கலத்துல ஆளு போயிட்டு வந்தாச்சு. நீ இன்னும் மாமனார் பேருக்கு வாயைப் பொத்துறியே" என்று டீச்சர் பொரிந்து தள்ளினார். தள்ளிக்கொண்டே, தட்டில் கவிழ்ந்து கிடந்த ரொட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். ரொட்டி குப்புறக் கிடந்தால் வீட்டுக்கு ஆகாது. அதை மட்டும் எந்த விண்கலமும் மாற்றவில்லை.

"சரி, நானாவது சொல்றேன். அவன் பேரு..."

"அக்கா, வேணாங்கா. என் காதுல விழவே கூடாது" என்று ஜிபார் குறுக்கே பாய்ந்தாள்.

"விடுங்க டீச்சர். மருமக மரியாதை கொடுக்குறா, தபால்காரத் தம்பின்னே இருக்கட்டும்" என்றார் ஓமுர்பெக் ஐயா.

தலாஸிலிருந்து மகள் வீட்டோடு வந்து தங்கியிருப்பவர் அவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். ஆனால் தபால்காரனும் அவனுடைய முரட்டுக் குதிரையும் சண்டை போடும் இடம் வந்தால், கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

அன்றிலிருந்து நாங்கள் எல்லோருமே கதாநாயகனைத் தபால்காரத் தம்பி என்றே பேசினோம். டீச்சருக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள்.

அந்த முள் நூலகத்தின் ஆண்டு விழாவில் குத்தியது. பிஷ்கெக்கிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், ஜிபார் மேடையில் ஓர் அத்தியாயம் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பாவம், அவள் புதுத் தலைத்துணி வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று வாசித்து வாசித்து, பிள்ளைகளுக்கே அந்த அத்தியாயம் மனப்பாடமாகிவிட்டது.

விழாவன்று காலையில் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தலைநகரத்துக்காரங்க முன்னால நம்ம மானம் போகக் கூடாது. பேரைச் சொன்னா நீ படி. இல்லைன்னா நான் படிக்கிறேன்."

"அப்ப நான் படிக்கலைக்கா. ஆனா நீங்களும் அந்தப் பேரை..." ஜிபார் கெஞ்சினாள்.

அந்த நேரம் பார்த்து நடைவழியில் ஒரு கிழவர் உயரமான வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார். மருமகள் வாசிப்பதைக் கேட்க மலையிலிருந்து இறங்கி வந்த மாமனார்.

டீச்சருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"வாங்க ஐயா. ஒரே ஒரு உதவி. கதையில உங்க பேரு வருது. அதைச் சொல்ல உங்க மருமகளுக்கு அனுமதி கொடுங்க."

கிழவருக்கு வாயெல்லாம் பல்.

"கதையில என் பேரா? சபார்னு ஒருத்தன் வர்றானா? நல்லவனா, கெட்டவனா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். சபார் என்று அதில் ஓர் ஆடு மேய்ப்பவன்கூடக் கிடையாது.

டீச்சர் ஜிபாரின் கையைப் பிடித்து என் அறைக்குள் இழுத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இத்தனை மாசமா எங்களையெல்லாம் முட்டாளாக்கிட்டியேடி. எதுக்கு இந்தப் பொய்?"

ஜிபார் கதவைச் சாத்தினாள்.

"ஓமுர்பெக் ஐயா வெள்ளிக்கிழமைதோறும் என்கிட்ட ஏழு ரொட்டி வாங்குறாருக்கா. போன வருஷம் செத்துப்போன மகனை நினைச்சு ஏழு வீட்டுக்குக் கொடுக்க. ஒவ்வொரு ரொட்டியையும் மகன் பேரைச் சொல்லித்தான் கையில எடுப்பாரு. ஏழாவது ரொட்டிக்கு வர்றதுக்குள்ள அழுதுடுவாரு. கதையிலயும் அதே பேருதாங்கா. இங்க வந்துதான் மனுஷன் கொஞ்சம் சிரிக்கிறாரு."

டீச்சர் ஜிபாரின் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டார். புத்தகத்தை அவள் கையிலேயே கொடுத்து மேடைக்கு அனுப்பினார்.

ஜிபார் வாசித்தாள். குதிரை தபால்பையைக் கவ்விக்கொண்டு ஓடும் இடத்தில் அரங்கமே குலுங்கியது. முன்வரிசையில் சபார் ஐயாவும் ஓமுர்பெக் ஐயாவும் ஒருவர் தொடையில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள்.

முடிந்ததும் பிஷ்கெக் அதிகாரி எழுந்தார். "அருமையா படிச்சாங்க. அந்தத் தபால்காரனுக்குப் பேரே இல்லையா?"

நாஸிரா டீச்சர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருக்குங்க. ஆனா அது எங்க மாமனார் பேரு. நாங்க சொல்றதில்லை."