ஒன்று பேச, ஒன்று காத்திருக்க

முதல் மணி அடித்தது. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பள்ளிக் கேட்டுக்குள் புகுந்தார்கள்.

கலைவேந்தன் லேப்டாப்பை வாட்ச்மேனின் ஸ்டூலில் வைத்துக் குனிந்து நின்றான். கேட் தூணில் அவன் பொருத்திய ரீடர், பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் அட்டைகளைத் தொடாமலே படிக்கும். உடனே வீட்டுக்கு மெசேஜ் போகும்.

ஒரு வீட்டுக்கு மட்டும் தப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜெனியும் ஜூலியும் இரட்டைப் பிள்ளைகள். 'வரவில்லை' என்று மெசேஜ் பார்த்ததும், வில்லியனூர் கம்பெனியில் தைத்துக்கொண்டிருக்கும் அம்மா ஜெயசீலி அலறியடித்து ஓடி வருவாள். வந்து பார்த்தால் இருவரும் வகுப்பில் இருப்பார்கள்.

நேற்று போனில் பொரிந்தாள்.

"இன்னொரு வாட்டி மெஷினவுட்டு எழுந்தா, அப்டியே வூட்டுக்குப் போயிடுன்னுட்டாரு சூப்பர்வைசரு. ஒங்க பொட்டிக்கு எம் பொண்ணுங்கமேல இன்னா சார் காண்டு?"

கோளாறு அவனுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் ஒட்டிக்கொண்டே நடக்கிறார்கள் போலிருக்கிறது. இரண்டு அட்டைகள் ஒரே நொடியில் பதில் சொன்னால் ரீடருக்கு இரண்டுமே விளங்காது.

இன்று காலை மாற்றியிருந்தான். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல, ஒவ்வோர் அட்டையும் ஒரு முறையைப் பொறுக்கிக்கொண்டு அதுவரை காத்திருக்கும். மோதிக்கொண்டவை மறுபடி பொறுக்கும். பெயர் சொன்னது வாயை மூடிக்கொள்ளும்.

திரையில் பெயர்கள் மளமளவென்று விழுந்தன. கூட்டம் தூணோடு நசுங்கியது. ஒரு பெயரும் தப்பவில்லை.

ஜெனி.

மூச்சைப் பிடித்தான்.

ஜூலி.

வாட்ச்மேன் தங்கவேலின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"இன்னாபா, லாட்டரி கீட்டரி வுழுந்துச்சா?" என்றார் அவர்.

போன் அடித்தது. பின்னணியில் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"ரெண்டும் உள்ள பூந்துடுச்சுன்னு வந்துட்டுது சார். இனிமே நிம்மதியா தைப்பேன்." ஜெயசீலி சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அவனுக்கு அந்த இருவரையும் பார்க்கவேண்டும்போல் இருந்தது. கேட்டதும் தங்கவேல் கைகாட்டினார்.

தூணருகே ஒரு சிறுமி தனியாக நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் இரண்டு அட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"ஜூலி தொலைச்சிடுவான்னு ரெண்டையும் எங்கிட்டயே மாட்டி வுட்டுடும் அம்மா" என்றாள் ஜெனி.

"அவ எங்க?"

"பின்னாடி வருவா சார். எப்பவுமே மெதுவாத்தான் வருவா."

இரண்டாம் மணி அடித்தது. தங்கவேல் கேட்டைச் சாத்தக் கை வைத்தார்.

கலைவேந்தன் வெளியே எட்டிப் பார்த்தான். கரும்புத் தோட்டத்து வளைவுவரை சாலை காலியாகக் கிடந்தது.

ஜெயசீலியின் எண்ணை எடுத்தான். விரல் அதன்மேல் நின்றது.

போனைப் பைக்குள் திணித்துவிட்டு ஓடத் தொடங்கினான்.