குல்சும் டீச்சரின் சந்தேகங்கள்

"சார், ஒரு சந்தேகம்."

மூன்றாவது வரிசையில் கை உயர்ந்ததுமே ரஞ்சித்துக்கு எரிச்சல் வந்தது. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

"கேளுங்க மேடம்."

"மாடு வண்டியை இழுக்குது. வண்டியும் அதே அளவு மாட்டைப் பின்னால இழுக்குதுன்னு நியூட்டன் விதி சொல்லுது. ரெண்டும் சமம்னா வண்டி எப்படிங்க நகருது?"

ரஞ்சித் சாக்பீஸை உருட்டினான்.

"அதெல்லாம் நம்ம மாட்யூல்ல இல்ல மேடம். நேரம் இருந்தா அப்புறம் பாக்கலாம்."

குல்சும் பீவி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தலையாட்டலில்கூட ஏதோ உள்குத்து இருப்பதாக அவனுக்குப் பட்டது.

திண்டிவனத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. இன்று இரண்டாம் நாள். பயிற்சி நடத்தும் கருத்தாளராக ரஞ்சித் நிற்பது இதுதான் முதல் தடவை. நாளை விழுப்புரத்திலிருந்து விரிவுரையாளர் சித்ரா மேடம் பார்வையிட வருகிறார். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் இனிமேல் இவனைக் கூப்பிடுவார்களா, மாட்டார்களா என்பது.

குல்சும் பீவியோ கோட்டக்குப்பம் பக்கத்தில் முப்பது வருடமாக இயற்பியல் நடத்துகிறவர். அவருக்கா இது தெரியாது?

டீ இடைவேளையில் இன்னொரு கருத்தாளரான சவுரிராயன் காதைக் கடித்தார்.

"இன்னுமா புரியல உனக்கு? இந்த வாட்டி முதல்ல அந்தம்மாவைத்தான் கருத்தாளரா கூப்பிட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க. இப்ப எதிர்ல குந்திக்கினு உன்னை ஆழம் பாக்குறாங்க. நாளைக்கு சித்ரா மேடம் முன்னாடி உன் மானத்தை வாங்கப் போறாங்க, பாரு."

மதியம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ரஞ்சித் சட்டென்று திரும்பினான். பின்வரிசையிலிருந்து மடித்த சீட்டு ஒன்று கைமாறிக் கைமாறி குல்சும் பீவியிடம் போய்ச் சேர்ந்தது. பிரித்துப் படித்தார். கை உயர்ந்தது.

"சார், ஒரு சந்தேகம்."

ஓகோ, ஒரு கூட்டமே சேர்ந்துதான் இந்த வேலையைப் பார்க்கிறதா!

சாயங்காலம் எல்லோரும் போண்டாவுக்குப் போன நேரம். ஆதாரத்தோடு பிடிக்கலாம் என்று ரஞ்சித், குல்சும் பீவி வைத்துவிட்டுப் போன நோட்டைப் பிரித்தான். உள்ளே ஏழெட்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. ஒன்றைப் படித்தான்.

'மேடம், மாட்டு வண்டிக் கேள்வியைக் கேளுங்க. ஒன்பதாவதுல ஒரு பொண்ணு கேட்டுச்சி. ரெண்டு வருஷமா சமாளிச்சிக்கினு இருக்கேன். என் பேரு வெளிய வரவேணாம்.'

"என் நோட்டுல என்னா தம்பி தேடுறீங்க?"

வாசலில் போண்டாத் தட்டோடு குல்சும் பீவி நின்றிருந்தார்.

ரஞ்சித்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மன்னிச்சிக்குங்க மேடம். நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்."

"யாரும் வாயைத் திறந்து கேக்க மாட்டேங்கறாங்க தம்பி. சயின்ஸ் டீச்சருக்கு இதுகூடத் தெரியலையான்னு பக்கத்து ஸ்கூல்காரங்க சிரிப்பாங்களாம். நான் இன்னும் ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறவ. என்னைப் பாத்துச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. அதுக்குத்தான் கருத்தாளர் வேலையே வேணாம்னேன். அங்க போய் நின்னா எங்கிட்டயும் கேக்க மாட்டாங்களே."

ரஞ்சித் தயங்கினான். "நாளைக்கு சித்ரா மேடம் இருக்கும்போதும் கேப்பீங்களா?"

"சீட்டு வந்தா கேப்பேன். நீங்க ஜல்தியா போங்க, போண்டா தீந்துடப் போவுது."

மறுநாள் சித்ரா மேடம் பேசி முடித்ததும் மூன்றாவது வரிசையில் கை உயர்ந்தது.

"நான் சொன்னேன்ல? ஆரம்பிச்சிட்டாங்க பாரு" என்று கிசுகிசுத்தார் சவுரிராயன்.

"மேடம், அந்த மாட்டு வண்டி எப்படிங்க நகருது? ரஞ்சித் சார் நேத்தே நல்லா சொல்லிக் குடுத்தாரு. என் மண்டையிலதான் ஏறல."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "முப்பது வருஷமா என்னத்த நடத்துனாங்களோ!" என்றது ஒரு குரல்.

ரஞ்சித் சிரிக்கவில்லை. சித்ரா மேடம் சொன்ன விளக்கத்தை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தான்.

குல்சும் பீவி அன்று கையில் வைத்திருந்த சீட்டு, அவன் எழுதிக் கொடுத்தது.