இடது பக்கத்துப் பிரேக்

கோயமுத்தூரில் கையால் ஓட்டும் பழைய கார்களுக்குப் பிரேக்கும் ஸ்டியரிங்கும் புதுப்பித்துக் கொடுக்கும் பட்டறை நிறைமதியுடையது ஒன்றுதான். இந்தக் காலத்து எல்லாரையும் போல அவளும் தானாக ஓடும் வண்டிகளிலேயே வளர்ந்தவள். மனிதர் ஓட்டும் காரில் ஒருநாளும் ஏறியதில்லை. பிரேக்கை எந்திரத்தில் ஏற்றித்தான் சோதிப்பாள்.

பட்டறைக்கு வந்த பெரியவர் சடையப்பனின் கார் அவளை ஒரு வாரமாகப் படுத்தி எடுத்தது. டிரைவர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பக்கத்து இருக்கைக்கு முன்னால் ரப்பர் விரிப்பு குதிகால் அளவுக்குத் தேய்ந்து, அடியில் தகடும் குழிந்திருந்தது. அங்கேயும் முன்பு ஒரு பிரேக் இருந்து, பிறகு கழன்று போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அளவெடுத்து ஒரு பெடலையே செய்துவிட்டாள். அதை எதோடு இணைப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

"ஏனுங்க, இந்தப் பக்கத்துப் பிரேக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

சடையப்பன் அவள் செய்த பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏறி உக்காருங்க அம்மிணி, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

முதல் திருப்பத்திலேயே நிறைமதி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். மனிதர் பேசிக்கொண்டே ஓட்டினார். போதாததற்கு வேடிக்கை வேறு பார்த்தார். அப்போது ஒரு எருமை குறுக்கே வந்தது.

"ஐயோ, பிரேக்கப் புடிங்க!"

எருமைக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. நிறைமதி கீழே பார்த்தாள். அவளுடைய வலது கால் அந்தக் குழியில் முழு பலத்தோடு ஊன்றியிருந்தது.

சடையப்பன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமா இந்த வண்டிய நிறுத்துனதே என் சம்சாரந்தானுங்க."