நாலு மணிக்குள் நாலு டயர்

“நாலையும் மாத்தணும் தம்பி. நாலு மணிக்குள்ள முடியணும்.”

காரை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார் டீச்சரம்மா. முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். குரலில் மட்டும் பிரம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. மணி இரண்டு. டயர் கடைக்காரர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தடவிப் பார்த்தார். தடவத் தடவ அவர் முகம் மாறியது.

“என்னம்மா இது? நாலும் மொட்டை. நாலும் நாலு கம்பெனி. இதுலயா ஓட்டிட்டு வந்தீங்க?”

“இருபதுக்கு மேல போகலை. பின்னாடி வந்தவங்க ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சு போனாங்க.”

“தினமும் யாரு ஓட்டுறது?”

“எங்க வீட்டுப் பொண்ணு. குழந்தையை ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே ஆபீஸ் போவா. நடுவுல ஒரு மேம்பாலம். மழை பெஞ்சா அங்கே வண்டியெல்லாம் சறுக்கும்.”

கடைக்காரர் மேல் அடுக்கில் இருந்த டயரைக் காட்டினார். விலையைக் கேட்டதும் டீச்சரம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

“அது பெரிய இடத்துச் சம்பந்தம். நான் பென்ஷன்காரி. தினப்படி ஓட்டத்துக்குத் தாங்கணும், ஈரத்துல பிரேக் பிடிக்கணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு காட்டுங்க.”

“அப்படின்னா செகண்ட் ஹேண்ட் இருக்கும்மா. பாதி விலை. ஊருக்குள்ள ஓட்டத் தாராளமாப் போதும்.”

“வேண்டாம். யாரோ ஓட்டித் தேச்சது எனக்கு எதுக்கு? புதுசுதான்.”

கடைக்காரர் கீழ் அடுக்கிலிருந்து ஒரு டயரை உருட்டி வந்தார். டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி குனிந்து, டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண்ணைப் படித்தார்.

“தம்பி, இது செஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சு.”

கடைக்காரர் அசடு வழிந்தார். அந்த நாலு இலக்கத்தில் முதல் இரண்டு டயர் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு வருஷத்தையும் குறிக்கும் என்பது நூற்றில் ஒரு வாடிக்கையாளருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறார்.

“உள்ளே போன மாசம் வந்தது இருக்கும்மா. அதே விலைக்கே தர்றேன்.”

“அதை முதல்லயே உருட்டியிருந்தா எனக்கு முட்டி வலி மிச்சம்.”

கார் ஜாக்கியில் ஏறியது. சக்கரங்கள் கழன்று வந்தன. டீச்சரம்மா நாற்காலியில் உட்காராமல் பக்கத்திலேயே நின்றார். அப்போது அவர் போன் அடித்தது. மகன் போட்ட சத்தம் கடைக்காரருக்கே கேட்டது.

“ஏம்மா, வாசல்ல காரைக் காணோம்?”

“கழுவக் குடுத்திருக்கேன்.”

“இன்னிக்குப் போய் எதுக்குக் கழுவுற? உன்னை யாரு எடுக்கச் சொன்னா?”

“மூணே முக்காலுக்கு வாசல்ல நிக்கும். போனை வை.”

கடைக்காரர் சிரித்தார். “பையனுக்குத் தெரியாமப் பொண்ணுக்குச் செய்றீங்களாக்கும்! தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரோ?”

“குதிப்பான்.”

“பொண்ணுன்னா உங்களுக்கு அவ்வளவு உசிரு.”

“ஆமா” என்றார் டீச்சரம்மா. அதை மறைக்கவே தோன்றவில்லை அவருக்கு.

பழைய டயரைக் கழற்றிய கடைக்காரர் ரிம்மை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“அம்மா, இங்கே பாருங்க. கம்பி போட்டு நெம்பின தடம் பளபளன்னு இருக்கு. யாரோ உங்க நல்ல டயரை உருவிட்டு இந்தக் குப்பையை மாட்டியிருக்கான்! நடந்து ரெண்டு நாள்கூட இருக்காது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? எந்த ஷெட்ல விட்டீங்க? நானே வந்து அவன் சட்டையைப் பிடிக்கிறேன். உசிரோட விளையாடுற வேலைம்மா இது. மழையில அந்த மேம்பாலத்துல பிரேக் அடிச்சா வண்டி நிக்கவே நிக்காது. உள்ளே குழந்தை வேற!”

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பேசும்போது பழைய குரல் திரும்பியிருந்தது.

“அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன். தனிச் சாவி இல்லாமக் கழட்ட முடியாத நட்டு இருக்காமே? சக்கரத்துக்கு ஒண்ணு போடுங்க. சாவி ஒண்ணுதானே வரும்?”

“ஒண்ணே ஒண்ணுதான்.”

“அதை என் கையில குடுங்க. இந்த மொட்டை நாலையும் என் கண்ணு முன்னாடியே வெட்டிப் போடுங்க. இன்னொரு தடவை எந்த வண்டியிலயும் ஏறக் கூடாது.”

மூன்றரைக்குக் கார் தரையில் இறங்கியது. கடைக்காரர் காற்றைச் சரிபார்த்துவிட்டுப் பில் புத்தகத்தை விரித்தார். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை.

“நீங்க விட்டாலும் நான் விட மாட்டேம்மா. அந்தத் திருட்டுப் பய யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

டீச்சரம்மா காரில் ஏறி உட்கார்ந்து, பில்லுக்காகக் கையை நீட்டினார்.

“பில்லை என் மருமக பேருல போடுங்க தம்பி. நேத்து விவாகரத்துத் தீர்ப்புல கார் அவளுக்குன்னு ஆயிடுச்சு, நாலு மணிக்குக் குழந்தையோட வந்து எடுத்துட்டுப் போறா. நீங்க தேடுற அந்தத் திருட்டுப் பய, நான் பெத்தவன்.”