பொம்மசந்திராவில் பார்க்க என்ன இருக்கிறது

“பொம்மசந்திராவுல பார்க்க என்ன தம்பி இருக்கு?” என்று ரத்தினம்மாள் கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன். அங்கே எல்லாம் கம்பெனிகள். ஷிப்ட் விடும் நேரத்தில் கூட்டம் இருக்கும், அவ்வளவுதான்.

“சரி, எப்படிப் போகணும்?”

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு பெங்களூரைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். எதைப் பார்க்க வேண்டும், எந்த ஆட்டோவில் ஏறக் கூடாது, எங்கே தைரியமாகச் சாப்பிடலாம் என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொம்மசந்திராவுக்கு வழி கேட்ட முதல் ஆள் இந்த அம்மாதான்.

திருப்பத்தூரிலிருந்து மூன்று பேர் காரில் வந்திருந்தார்கள். ரத்தினம்மாள், அவருடைய மகன் ராஜேஷ்குமார், மருமகள் தாரணி. லால்பாக், விதான சௌதா, அல்சூர் ஏரி எல்லாம் முடிந்து, மாலை ஐந்தரைக்கு எம்.ஜி. ரோடு மெட்ரோ படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தோம். லால்பாக் கண்ணாடி மாளிகை முன்னால்கூட அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை.

ராஜேஷ்குமார் தன் போனுக்குக் கண்ணாடி ஒட்ட ரோட்டைக் கடந்து போயிருந்தார். தாரணியின் போனும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான்.

வழி சொன்னேன். இங்கே ஊதா லைனில் ஏறி மெஜஸ்டிக். அங்கே பச்சைக்கு மாறி ஆர்.வி. ரோடு. அங்கே மஞ்சளுக்கு மாறினால், கடைசி ஸ்டேஷன் பொம்மசந்திரா.

“இன்னொரு தடவை சொல்லு பா. மெதுவா.”

சொன்னேன். மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னார்.

தாரணி இரண்டடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, நடைபாதையில் விற்கிற ஹேர் கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் இல்லாமல் டிக்கெட் எடுக்க முடியுமா என்று அடுத்த கேள்வி வந்தது. கவுன்டரில் காசு கொடுத்தால் டோக்கன் தருவார்கள் என்றேன். துணிப்பையை உள்ளே விடுவார்களா? மெஷினில் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாக ஒரு பொம்பளை ஏறினால் யாராவது ஏதாவது கேட்பார்களா? ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், முதல் பெட்டியே பெண்களுக்குத்தான்.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அங்கே வேலை செய்கிறாள், ஏழரைக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பாள், இப்போது கிளம்பினால் போய்விடலாமா என்றார். போய்விடலாம் என்றேன். இன்னும் அரைமணியில் அவர்கள் மூன்று பேரும் திருப்பத்தூருக்குக் கார் ஏற வேண்டும். இவர் எதற்கு இதையெல்லாம் கேட்கிறார்?

பிறகு குரலைத் தாழ்த்தாமல் கேட்டார். லேடீஸ் ஹாஸ்டலில் சேர ஆதார் போதுமா? கல்யாணம் ஆனவர்களையும் சேர்த்துக்கொள்வார்களா?

ஆதார் போதும், சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அறுபது தாண்டியிருக்கும். மகனோடு மனஸ்தாபமா? இந்த வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, தெரியாத ஊரில் ஹாஸ்டலில் போய்த் தங்கப்போகிறாரா?

“அம்மா, வீட்டுல எதுனா பிரச்சனையா? வேணும்னா உங்க மகன்கிட்ட நான் பேசட்டுமா?”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி.

“அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாத பா.”

அந்த நேரம் பார்த்து டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து போன். நாளைக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு என்று பேசி முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தால், ஹேர் கிளிப் கடை முன்னால் ரத்தினம்மாள் மட்டும் நின்றிருந்தார்.

ராஜேஷ்குமார் ரோட்டைக் கடந்து வந்தார்.

“எங்கம்மா அவ?”

“பாத்ரூம் போயிருக்கா” என்றார் ரத்தினம்மாள்.

நான் யாருக்கும் பாத்ரூமுக்கு வழி காட்டவில்லை.

ராஜேஷ்குமார் போனை எடுத்து, ஏதோ அழுத்தப்போய், நிறுத்தினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பாத்ரூம் எந்தப் பக்கம், நோயல்?” என்று என்னிடம் கேட்டார்.

மதியம் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஹோட்டலில் தாரணி கை கழுவியபோது சுடிதார் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற ரத்தினம்மாள் சட்டென்று துணியைக் கீழே இழுத்துவிட்டார். மகனின் மானத்தை மறைக்கிறார் என்று அப்போது நினைத்தேன். எனக்கென்ன என்று சாம்பார் வாளிக்காகக் காத்திருந்தேன்.

இப்போது ரத்தினம்மாள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மேலே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“அந்தப் பக்கம் மால் உள்ளே சார்” என்று ஸ்டேஷனுக்கு எதிர்த் திசையைக் காட்டினேன். “லேடீஸ்ல பெரிய க்யூ. அரைமணி ஆகும். அதுக்குள்ள வாங்க, இங்க ஒரு பழைய கட்டடம் இருக்கு, எல்லாருக்கும் காட்ட மாட்டேன்.”

அவர் தயங்கினார். ரத்தினம்மாள் முதல் ஆளாக நடக்க ஆரம்பித்துவிட்டார். அவரும் பின்னாலேயே வந்தார்.

ஒரு நூறடி தாண்டி, பூட்டிக்கிடந்த ஏதோ ஒரு கட்டடத்தின் முன் அந்த அம்மா நின்றார். நிமிர்ந்து அதன் நெற்றியைப் பார்த்தார்.

“இதை யாரு தம்பி கட்டினது?”

எனக்குத் தெரியாது. அதுவரை நான் அந்தக் கட்டடத்தைக் கவனித்ததுகூட இல்லை.

“அது ஒரு பெரிய கதைம்மா” என்று ஆரம்பித்தேன்.