சின்னவனுக்கு மூச்சு

“சின்னவனுக்கு மூச்சு வருதா?” ஆய்வுக்கூடத் தலைவர் கண்ணாடியில் மூக்குப் பதிய எட்டிப் பார்த்தார்.

“வரலை சார்,” என்றார் மேடம். அந்தக் கூடத்தின் ஒரே பொறியாளர். எல்லாருக்கும் அவர் மேடம்தான்.

சின்னவன் என்பது, செருப்புப் பெட்டி அளவுள்ள செயற்கைக்கோளை விண்வெளியில் தள்ளிவிடும் கட்டைவிரல் அளவு இயந்திரம். காற்றே இல்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாலைக்குள் அது வாயுவை அளவாகப் பீய்ச்ச வேண்டும். இல்லையென்றால் ராக்கெட்டில் பிடித்து வைத்த இடம் போய்விடும், கூடத்துக்கும் பூட்டுதான்.

வால்வு காலையிலேயே ஒழுகிவிட்டது. புதியதன் விலையோ செயற்கைக்கோளையே விழுங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

மேடம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கைப்பையிலிருந்து ஆஸ்துமா இன்ஹேலர் ஒன்றை எடுத்தார். “இதோட வால்வு ஒரு அழுத்துக்கு ஒரே அளவுதான் விடும் சார். என் பையனோடது.”

கழற்றிப் பொருத்த உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. “முன்னெல்லாம் அஞ்சு அடிச்சா பையன்கிட்ட ஓடிடுவாங்க. இப்ப வீட்டுக்கே போக மாட்டேங்கிறாங்க சார்,” என்று மெக்கானிக் முணுமுணுத்தார்.

“வேலைன்னா அப்படித்தான்யா இருக்கணும்!” என்றார் தலைவர். அவர் இங்கே மாற்றலாகி வந்ததே இந்த வாரம்தான்.

அழுத்தினார்கள். அளவுமானியின் முள் துள்ளியது. மறுபடி அழுத்த, அச்சு அசலாக அதே துள்ளல்.

“அடி சக்கை! ஆனா செயற்கைக்கோளோட நாலு மூலைக்கும் நாலு வேணுமே மேடம்?”

மேடம் பையைக் கவிழ்த்தார். மேஜையில் இன்னும் மூன்று உருண்டன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

தலைவருக்கு முகம் சிவந்தது. அவர் மகளுக்கும் அதே இழுப்புதான். மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படியென்று அவருக்குத் தெரியும்.

“என்ன மேடம் இது? பெத்த பிள்ளையோட மருந்தையா கொண்டுவந்து கொட்டுவீங்க? நீங்கல்லாம் ஒரு தாயா?”

மெக்கானிக் பதறிப்போய், “சார், சார்...” என்றார். தலைவர் காதில் வாங்கவில்லை.

“ராக்கெட் போனாப் போகுது! முதல்ல இதையெல்லாம் எடுத்துட்டுப் போய் அவன்கிட்ட குடுங்க!”

மேடம் மூன்றையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார்.

“அவன் இருந்தா குடுத்திருக்க மாட்டேனா சார்?”