பேசும் தராசு

சிரிக்க ஒரு விஷயம் இருக்கிறது. ஆனால் இப்போதே இல்லை. முதலில் பஞ்சாட்சரம் கோபப்பட்டு முடிக்கட்டும்.

நெசவாளர் சங்கத்தில் பட்டுநூல் நிறுத்துக் கொடுப்பவர் அவர். எடையைத் தானே படிக்கவே மாட்டார். நெய்பவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்வார், அப்புறம் பேச்சு வரக் கூடாதாம். என்ன நேர்மை என்று பிள்ளையார்பாளையம் முழுக்கப் பெயர்.

நிஜம் வேறு. கண்ணில் புரை. ஆடி கழிந்ததும் ஆபரேஷன். அதற்குள் வெளியே தெரிந்தால், சங்கத் தலைவர் தன் மச்சானை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார். சங்கத்துக்கு வந்திருக்கும் புது எலக்ட்ரானிக் தராசைப் பார்க்கத் தலைவர் நாளைக்கு வேறு வருகிறார்.

தராசை லினக்ஸ் கம்ப்யூட்டரில் இணைக்க வந்தவள் தேவிப்ரியா. பாலிடெக்னிக் மாணவி, யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் வாலு. தராசின் சீரியல் வயரில் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டரை மாட்டினாள். கம்ப்யூட்டர் தராசைக் கண்டுகொண்டது, ஆனால் எடையைப் படிக்க உனக்கு அனுமதி இல்லை என்று அடம்பிடித்தது. ஏதோ தட்டினாள், லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே போனாள். வழிக்கு வந்துவிட்டது.

பஞ்சாட்சரம் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், உள்ளே ஒரே சிரிப்பு.

நூல் வாங்க வந்த கமலவேணி தராசில் நூல்கட்டை வைத்தாள். ஸ்பீக்கர் பேசியது. தேவிப்ரியா பேசிப் பதிந்துவைத்த அவர் குரல், அவருடைய மூக்கடைப்போடு:

"எழுநூத்தி இருபது கிராம். கையை எடும்மா, நூலோட கையும் எடை போடுது."

நேராகப் போய் ஸ்பீக்கர் வயரைப் பிடித்தார். "என்னையே கேலி பண்ணிக்கினு இருக்கியா? கெளம்பு. திரையில நம்பர் நல்லாத் தெரியுது, அது போதும்."

தேவிப்ரியா குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"காலைல டெஸ்ட் பண்ணும்போது எட்டைப் பூஜ்யம்னு படிச்சீங்க சார். எழுத்தைப் பெருசாக்கலாம்னுதான் நெனச்சேன். ஏன் இவ்ளோ பெருசுன்னு தலைவர் கேப்பாரு. குரல்னா, இந்த வாலோட வேலைன்னு என்னைத்தான் திட்டுவாரு."

வயரைப் பிடித்த கை அப்படியே நின்றது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சாட்சரம் வயரை இன்னும் அழுத்திச் சொருகினார்.

"சத்தம் பத்தலம்மா, கூட்டி வை," என்றார். "நம்ம தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."